எல்லாச் சீட்டும் அவன் கொடுத்தது

ஜூலை 2, செவ்வாய்

பால் 62. கீரை 20. கொண்டைக்கடலை அரைக் கிலோ 55. இன்றைய பாராயணம் தெய்வானை அக்கா வீட்டில். மொத்தம் பதினொரு பேர். சாமி கும்பிட்டு, சுண்டல் சாப்பிட்டு, எட்டுப் பேர் கிளம்பிய பிறகு வழக்கம்போல நானும் அக்காவும் சுசீலாவும் மட்டும் கதவைச் சாத்திவிட்டுச் சீட்டை எடுத்தோம்.

எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த நோட்டில் நான் எதையும் மறைத்ததில்லை.

முதலில் ரம்மிதான் ஆடிக்கொண்டிருந்தோம். போன வருடம் சுசீலாவின் மருமகன் ஊருக்குத் திரும்பும்போது போக்கர் பெட்டி ஒன்றை மறந்து விட்டுவிட்டுப் போனான். உள்ளே இருந்த விதிப் புத்தகம் இங்கிலீஷ். நான் எட்டாவதோடு நின்றவள். பழைய பேப்பரை எடைக்குப் போடுவதற்கு முன்னால் வாசித்து வாசித்துப் பழகிய இங்கிலீஷை வைத்துக்கொண்டு, அகராதியும் பார்த்து, நாலு நாளில் அதைத் தமிழில் எழுதி முடித்தேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவர் பார்க்கக் கூடாது. நடுவில் ஐந்து சீட்டு, எல்லோருக்கும் பொது. சேர்த்துப் பார்த்தால் யாருடையது பெரிதோ அவருக்கு மேசைப் பணம். பந்தயம் ஏறும்போது தாங்காதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். மற்றவர்கள் எல்லோரும் விலகிவிட்டால், மிச்சம் இருப்பவருக்கே பணம். அவர் கையில் என்ன இருந்தது என்று காட்ட வேண்டியதில்லை.

இதுவரை புளியங்கொட்டை வைத்துத்தான் ஆடியிருக்கிறோம். தெய்வானை அக்கா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவர், எதற்கும் அஞ்சமாட்டார். "சாவறதுக்குள்ள ஒரு தடவ நெசமான மேசையில உக்காந்து பாக்கோணும்புள்ள" என்று அவர் சொல்லித்தான் கோவாவுக்கு ரயில் டிக்கெட் எடுத்தோம். இரண்டு மாதம் முன்பே எடுத்தது. 12-ஆம் தேதி கிளம்புகிறோம். அவரிடம் (அவர் என்றால் என் வீட்டுக்காரர், இந்த நோட்டில் அவருக்கு அதுதான் பெயர்) சொல்லியாயிற்று. "அங்க போயி சப்பாத்திதான் கெடைக்கும், இட்லி கட்டிக்க" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 7, ஞாயிறு

பூ 80. பழம் 140. மைசூர்பாகு ஒரு கிலோ 480. மிக்சர் 160.

மாப்பிள்ளை வீட்டார் காங்கயத்திலிருந்து பத்தே காலுக்கு வந்தார்கள். பையன் தரணி, மில்லில் இன்ஜினியர். கூட அவன் அம்மா. பெரியப்பா நஞ்சப்பன். பையனுக்கு அப்பா இல்லாததால் இவர்தான் எல்லாம் பேசுகிறார். எங்கள் பக்கம் அவர், நான், மகள் மதுமிதா, துணைக்கு அடுத்த வீட்டுத் தெய்வானை அக்கா.

மதுவும் பையனும் மாடியில் இருபது நிமிடம் பேசினார்கள். இறங்கி வரும்போது மது உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டி நன்றாகப் பிறந்த நாளில்தான் அவள் முகம் அப்படி இருக்கும். (அவள் கால்நடை டாக்டர். சுல்தான்பேட்டை பக்கம் வேலை. இரண்டு வருடமாகிறது.)

நஞ்சப்பன் அண்ணன் காபியை ஆற்றிக்கொண்டே, "பையனுக்குப் புடிச்சிருக்குதுங்க. எங்களுக்கும் திருப்திதானுங்க" என்றார்.

"முருகா!" என்று சத்தமாகவே சொல்லி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நஞ்சப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரே ஒரு விசயமுங்க. கல்யாணத்துக்கப்பறம் புள்ள வேலைக்குப் போக வேண்டாமுங்க. மாட்டுக்குள்ள தோள்பட்டை வரைக்கும் கைய உட்டுட்டு வந்து எங்கூட்டுல சோறு போட்டா நல்லாருக்குமுங்களா? சரின்னா ஆடி பொறக்கறதுக்குள்ள உப்புச் சக்கரை மாத்திக்கலாம். பதினஞ்சாந்தேதி திங்கக்கெழம வாரமுங்க, சொல்லிப்போடுங்க."

எங்கள் பக்கம் உப்பும் சர்க்கரையும் தட்டில் வைத்து மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அதன்பிறகு பேச்சு மாறக்கூடாது.

பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மது உள்ளே போய்விட்டாள்.

ஜூலை 8, திங்கள்

கணக்கில் நாற்பது ரூபாய் இடிக்கிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.

ஜூலை 10, புதன்

பால் 62. சோப்பு 45. மதுவின் ரப்பர் பூட்ஸ் கழுவ பிரஷ் 30.

மது ஆறரைக்கு வந்தாள். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினாள். "அந்த விசயத்துக்கு என்ன சொல்லட்டும் கண்ணு?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்மா" என்றாள். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை. ரசத்தில் உப்பு கூடத்தான் இருந்தது.

நல்ல பையன். நல்ல குடும்பம். வேலைதானே. நான் எந்த வேலைக்குப் போனேன்? இந்த வீடு நடக்காமலா இருக்கிறது? சரி என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன்.

கணக்கு டப்பாவைத் துடைத்து அடுக்கினேன். அடியில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகம் வாங்கிய ரசீது, 1986, ரூ. 31.50. புத்தகம் வாங்கிய பிறகுதான் என்னை நிறுத்தினார்கள். அந்தப் பணம் வீண். எதற்காக வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. குப்பையில் போடலாம் என்று எடுத்து, திரும்ப வைத்துவிட்டேன்.

ஜூலை 12, வெள்ளி. ரயிலில்

போகவே வேண்டாம் என்று நினைத்தேன். அவர்தான், "இங்க உக்காந்துட்டு நீ என்ன பண்ணப்போறே? மூணு நாளும் மோட்டுவளையத்தான் பாத்துட்டிருப்பே. போயிட்டு வா" என்றார்.

இட்லி 36, பொடி தடவியது. புளிச்சோறு. முறுக்கு. சுசீலா தையல் கடையை மூன்று நாளைக்கு மூடிவிட்டு வந்திருக்கிறாள். அதைப் பாலக்காடு தாண்டும் வரை நாலு முறை சொல்லிவிட்டாள்.

விளையாட ஐயாயிரம் கொண்டுவந்திருக்கிறேன். ஆறு வருடம் பழைய பேப்பரும் பால் கவரும் போட்ட காசு. இதில் வீட்டுப் பணம் ஒரு ரூபாய் கிடையாது. போனால் எழுந்துவிட வேண்டும் என்று மூவரும் சாமி படத்தைத் தொட்டுச் சொல்லியிருக்கிறோம்.

ஜூலை 13, சனி. பனாஜி

கொட்டுகிற மழை. ஆற்றின் நடுவில் கேசினோக் கப்பல் நிற்கிறது, அதற்குச் சின்னப் படகில் போக வேண்டும். வாசலில் இருந்தவர் தெய்வானை அக்காவின் ரப்பர் செருப்பைப் பார்த்து இது ஆகாது என்று சொல்லிவிட்டார். எதிர்க்கடையில் ஷூ வாங்கியது 450. பட்டுச் சேலை, குங்குமப் பொட்டு, வெள்ளைக் கான்வாஸ் ஷூ. "எந்த இஸ்கோலுக்குங்க்கா?" என்று சுசீலா கேட்டாள். "வாயை மூடிட்டு நட."

நுழைவு ஆளுக்கு 2,500, சாப்பாடும் சேர்த்து. காலை பதினொரு மணி. உள்ளே கல்யாண மண்டபம்போல விளக்கு. பகல் என்றே தெரியவில்லை.

சுசீலா சக்கரம் சுற்றுகிற மேசைக்குப் போனாள். இருபதே நிமிடத்தில் இரண்டாயிரம் போயிற்று. அதோடு எழுந்துவந்து, "மூணு பிளவுசு தெச்ச கூலி" என்று சொல்லிவிட்டுப் பழரசம் குடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

நான் போக்கர் மேசையில் உட்கார்ந்தேன். தெய்வானை அக்கா எனக்குப் பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டார். மேசையில் ஆறு பேர், நான் ஒருத்திதான் பெண். சீட்டுப் போடுகிற பெண் மணிப்பூர்க்காரி, சின்ன முகம், பெரிய பொறுமை. எதிரே தொப்பி போட்ட ஹைதராபாத்துக்காரர் வாய் ஓயாமல் பேசினார். அவர் கையில் ஒன்றும் இல்லாதபோதுதான் பேச்சு அதிகம் வருகிறது என்பதை அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்படியும் தேறவில்லை. மோசமான சீட்டு வந்தால் போட்ட பணம் போனது. நல்ல சீட்டு வந்தாலோ, நான் பந்தயம் வைப்பதற்கு முன்பே எல்லோரும் மளமளவென்று கவிழ்த்துவிட்டார்கள். ஒரு தடவை இரண்டு ஏஸ் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை வருகிற சீட்டு. கிடைத்தது நூற்றைம்பது ரூபாய். ஒரு மணிக்குள் ஐயாயிரம் மூவாயிரத்து இருநூறாகிவிட்டது.

சாப்பிடப் போனோம். தயிர்சோறு இருந்தது. அவர் சொன்னது தப்பு.

தெய்வானை அக்கா தட்டைத் தள்ளிவைத்தார். "ஏம்புள்ள வசந்தா, நீ என்ன பண்றேன்னு உனக்கே தெரியுதா?"

"என்னுங்க்கா?"

"நல்ல சீட்டு வந்தா கன்னத்துல போட்டுக்கறே. டப்பு டப்புனு. அந்தத் தொப்பிக்காரன் உன்ற கன்னத்தப் பாத்துட்டேதான் ஆடறான். நீ போட்டுக்கிட்டா மேசையே எந்திரிச்சு ஓடுது."

எனக்குத் தெரியவே தெரியாது. முருகா என்று மனசு சொல்லும்போது கை தானாகப் போய்விடுகிறது.

"கைய முந்தானையில சுத்திக்கங்க்கா" என்றாள் சுசீலா.

"அதுக்கு நான் எந்திரிச்சே போயிருவேன்."

"அப்பன்னா எல்லாச் சீட்டுக்கும் போட்டுக்கங்க. யாருக்கும் ஒண்ணும் வெளங்காது."

"சாமி பேரச் சொல்லி ஏமாத்தறதா? அது ஆவாது சுசீலா. இந்தப் பொழப்பே வேண்டாம்."

தெய்வானை அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, நல்ல சீட்டுத்தான் முருகன் குடுக்கறானா? மோசமான சீட்ட ஆரு குடுக்கறாங்க, பக்கத்து ஊட்டுக்காரியா?"

அக்கா விடவில்லை.

"நாப்பது வருசமாப் பாராயணம் பண்றே. நல்லது வந்தா மட்டும் தேங்க்ஸ் சொல்றே. அது பக்தியா, கணக்கா?"

நானும் தட்டைத் தள்ளிவைத்தேன். சுசீலா தண்ணீர் கொடுத்தாள்.

திரும்பப் போய் உட்கார்ந்தேன். முதல் சீட்டு, ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான கையே இல்லை என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அவன் கொடுத்தது. நெஞ்சாரத்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தொப்பிக்காரர் பெருமூச்சு விட்டுச் சீட்டைக் கவிழ்த்தார். அடுத்தவரும். அதற்கடுத்தவரும். அந்த முறை கட்டாயமாக வைக்க வேண்டிய பணம் ஏற்கெனவே என் முன்னால் இருந்தது. அதற்குமேல் நான் ஒரு ரூபாய்கூட வைக்கவில்லை. மேசைப் பணம் முழுவதும் என்னிடம் வந்துவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "பாருங்க, ஒண்ணுமில்லீங்க" என்று இரண்டு சீட்டையும் திருப்பிக் காட்டிவிட்டேன்.

மேசையே சிரித்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி, "ஆன்ட்டி, யூ ஆர் டேஞ்சர்!" என்றார். மணிப்பூர்ப் பெண் குனிந்து, காட்ட வேண்டியதில்லை மேடம் என்று மெதுவாகச் சொன்னாள். பின்னாலிருந்து தெய்வானை அக்கா என் தோளைக் கிள்ளினார். "பாக்கோணும்னா காசு வெச்சுப் பாக்கட்டும்! நீ எதுக்கு எடுத்துக் காட்டறே?"

அதற்கப்புறம் ஒவ்வொரு சீட்டுக்கும் நன்றி சொன்னேன். மூன்று மணிக்கு இரண்டு ராஜா வந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தொப்பிக்காரர் விழுந்து விழுந்து சிரித்து, "இந்தத் தடவை ஏமாறமாட்டேன் ஆன்ட்டி" என்று எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார்.

நாலரை மணிக்கு எழுந்தோம். கையில் 9,150. லாபம் 4,150. முதல் வேலையாக நுழைவுக் கட்டணம் 2,500-ஐக் கழித்தேன்.

ஜூலை 14, ஞாயிறு. ரயிலில்

காலையில் சிவன் கோயிலுக்குப் போனோம். குளம் நிரம்பியிருந்தது. தட்டில் 101. அங்கே தேங்காய் உடைக்கிற முறையே வேறு.

சந்நிதியில் கண்ணை மூடி நின்றபோது சாமி நினைவு வரவில்லை. நஞ்சப்பன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டதுதான் நினைவுக்கு வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்தது. அதற்கு முன்னால் என்னைப் பார்த்தது. அதற்கும் முன்னால் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

வெளியே வந்து தெய்வானை அக்காவிடம் சொன்னேன். அவர் குடையை விரித்துக்கொண்டே, "நேத்து அந்த மேசையில பாத்தப்பவே நெனச்சேன். நீயாத்தான் வரோணும்னு உட்டுட்டேன்" என்றார்.

கோயில் மண்டபத்திலிருந்தே மதுவுக்குப் போன் போட்டேன்.

"உன் இஷ்டமெல்லாம் வேண்டாம். உனக்கு என்ன வேணும்னு சொல்லு."

மாடு கத்துகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் போயிருக்கிறாள்.

"ரெண்டும் வேணும்மா."

"வேலை வேணும்னா பையன் போனாலும் போயிருவான்."

"போனா அழுவேன்" என்றாள். "வேலைய உட்டா தெனமும் அழுவேன்."

சரி என்று வைத்துவிட்டேன். பயமெல்லாம் ஒன்றும் இல்லை. ரயில் ஏறிய பிறகுதான் முறுக்கு டப்பாவைக் கோயிலிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது.

ஜூலை 15, திங்கள்

காலை எட்டுக்கு வீடு. துணி ஒரு மூட்டை. பால் 62.

சாயங்காலம் ஐந்தரைக்கு நஞ்சப்பன் அண்ணனும் பையனின் அம்மாவும் வந்தார்கள்.

"ஊர்ல இல்லைன்னாங்களே, எங்கீங்க போயிருந்தீங்க?" என்றார் அந்த அம்மா.

"கோவாவுக்குங்க."

"கோயிலுக்குங்களா?"

"கோயிலுக்கும் போனமுங்க."

காபி போட்டுக் கொண்டுவந்தேன். உட்காராமல் நின்றபடியே சொன்னேன். "அண்ணா, மது வேலைய உடமாட்டாளுங்க. அதுக்குச் சம்மதம்னா எங்களுக்குப் பூரண சம்மதமுங்க."

நஞ்சப்பன் அண்ணன் சாய்ந்து உட்கார்ந்தார். "நம்மளுக்கு ஒண்ணுமில்லீங்க. தாராபுரத்துல ஒரு எடம் வந்திருக்குதுங்க. பொண்ணு பி.காம்., ஊட்டோடதான் இருக்குது. பத்தேக்கரா தோட்டம். தென்னை மட்டும் நானூறு. கெணத்துல இந்தக் கோடையிலயும் தண்ணி வத்தலீங்க. பொண்ணோட மாமன் திருப்பூர்ல கம்பெனி வெச்சிருக்கறாரு. அவரு சம்சாரம் நம்ம தூரத்துச் சொந்தம்..."

பேசிக்கொண்டே போனார். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கப்பல், தொப்பி, பழரசம் எல்லாம் மனசில் வந்து போனது.

"நீங்க முடியாதுன்னா, அப்பறம் தாராபுரந்தானுங்க" என்று முடித்தார்.

உள்ளறைக் கதவுக்குப் பின்னால் மதுவின் வளையல் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

இந்தச் சீட்டையும் அவன்தான் கொடுத்தான் என்று நினைத்தேன். வேறொன்றும் நினைக்கவில்லை. "முருகா" என்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். இவர்கள் பெண் பார்க்க வந்த அன்று போட்டுக்கொண்டேனே, அதே போல. "நல்லதுங்கண்ணா. நல்ல எடமா அமையட்டும். காபி ஆறுது, குடிச்சுட்டுப் போங்க" என்றேன்.

மதுவின் அப்பா வாயைத் திறந்தார், "நாம வேணா கொஞ்சம் யோசிச்சு..." என்று. காபி டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

நஞ்சப்பன் அண்ணன் என் கன்னத்தைப் பார்த்தார். மதுவின் அப்பாவைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். இந்த வீட்டில் இவ்வளவு சந்தோசம் எங்கிருந்து வந்தது என்று தேடுகிற பார்வை.

நான் அடுத்த டம்ளரை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

"மாமா" என்றார் பையனின் அம்மா. "அது ஏதுங்க தாராபுரம்?"

"நீ சும்மா இரு."

"இல்லீங் மாமா. பையன் ஒரு வாரமாச் சோறே திங்கறதில்லீங்க. வேலைக்குப் போற பொண்ணுன்னா என்னங்க, நம்மூட்டுலயே ஆறு மாடு நிக்குது."

நஞ்சப்பன் அண்ணன் டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "சரிங்க. வேலைக்குப் போவட்டும். ஆனா ராத்திரி நேரத்துல மாடு பாக்கப் போவப்படாது."

கதவு திறந்தது. "மாடு நேரம் பாத்துக் கன்னு போடாதுங்க பெரியப்பா" என்றாள் மது.

முதலில் சிரித்தது பையனின் அம்மாதான். பிறகு அவர். கடைசியில் நஞ்சப்பன் அண்ணனும்.

நேரம் நன்றாக இருந்தது, ஆடிக்கு இன்னும் ஒரு நாள். தெய்வானை அக்காவைக் கூப்பிட்டனுப்பி, இருந்த தட்டிலேயே உப்பும் சர்க்கரையும் வைத்து மாற்றிக்கொண்டோம். சர்க்கரை டப்பாவைத் திறந்தபோதுதான் தெரிந்தது, காபியில் யாருக்குமே நான் சர்க்கரை போடவில்லை. ஒருவரும் சொல்லவில்லை.

போகும்போது வாசலில் நின்றுகொண்டு நஞ்சப்பன் அண்ணன் மதுவிடம் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். "ஒரு மாட்டுக்கு மடி கல்லாட்ட இருக்குதுங்கண்ணு. என்ன பண்றது?"

செலவு: வெற்றிலை பாக்கு 60. உப்பு, சர்க்கரை வீட்டில் இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

பால் 62. கடலைப்பருப்பு 48. இன்று பாராயணம் எங்கள் வீட்டில். எட்டுப் பேர் போனபிறகு கதவைச் சாத்தினோம். புளியங்கொட்டை டப்பா வந்தது.

சீட்டைக் கலைத்துக்கொண்டே தெய்வானை அக்கா கேட்டார். "நேத்து அந்தப் போடு போட்டுக்கிட்டியாமா, நெசமாலுமே வேற எடம் ஏதாச்சும் கையில வெச்சிருந்தியாபுள்ள?"

"இல்லீங்க்கா."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே இல்லீங்க்கா."

"அடிப்பாவி" என்றாள் சுசீலா.

பாவம் எதுவும் இல்லை. நான் பொய் சொல்லவில்லை. சாமிக்கு நன்றி சொன்னேன். அவரவர் பார்த்து அவரவர் புரிந்துகொண்டார்கள். வேறு இடம் வந்திருக்கிறதா என்று நஞ்சப்பன் அண்ணன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இல்லீங்கண்ணா என்று உள்ளதைச் சொல்லியிருப்பேன். முருகனுக்குத் தெரியும்.

அவர் கேட்கவில்லை. நானும் இந்தத் தடவை எடுத்துக் காட்டவில்லை.

8-ஆம் தேதி இடித்த நாற்பது ரூபாய் கிடைத்துவிட்டது. மைசூர்பாகை நானூற்று நாற்பது என்று கூட்டியிருக்கிறேன்.